ஓட்டுக்கூரையில் கிடந்த பல்

தர்ஷன்பாண்டி எங்கள் மையத்துக்கு முதன்முதலாக வந்தபோது அவனுடைய வலது உள்ளங்கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. உடைந்த ஓடு கிழித்த ரத்தம். அதே கையால் மனைவியின் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தான். அவளுடைய வெளிர்நீலச் சுடிதாரின் தோளில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. இடது கண் ஏற்கெனவே வீங்கி மூடிக்கிடந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆறு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தான். அவனுக்கும் பின்னால், இடுப்பில் பெரிய இரும்புச் சாவிக்கொத்தோடு, தர்ஷனின் அம்மா விஜயராணி.

"இங்கதான பல்லு பாக்குதது?" என்று கேட்டான்.

இங்கேதான். என் பெயர் பிரிசில்லா. கோவில்பட்டி பல்வாசிப்பு மையத்தில் பதினோரு வருடமாகப் பால்பல் வாசிக்கிறேன். நாலாயிரத்துச் சொச்சம் பற்கள். ஒரு அறிக்கையில்கூட ஓர் எழுத்தை மாற்றி எழுதியதில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிரோடுதான் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் விளக்கிச் சொல்லணும்னு விதி இருக்கு. உக்காருங்க" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். அவளை உட்காரவிடவில்லை.

"பால்பல் வயித்துக்குள்ள நாலாம் மாசமே உருவாக ஆரம்பிச்சிரும். தினம் மெல்லிசா ஒரு அடுக்கு. சுவருக்குத் தினமும் ஒரு தரம் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. அன்னிக்கு அம்மா ரத்தத்துல என்ன மருந்து ஓடுச்சோ அது அந்த அடுக்குல மாட்டிக்கிடும். பிறந்த அன்னிக்கு அழுத்தமா ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் வயித்துல இருந்த நாள். மெஷின் அதை ஒவ்வொரு நாளா வாசிச்சுச் சொல்லிரும்."

"வலிப்பு மாத்திர தின்னிருந்தா தெரியுமா?"

"எந்த மாத்திரை, எந்த நாள், எவ்வளவு. எல்லாம் தெரியும்."

"கேட்டியாட்டி?" என்று திரும்பியவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை அறைந்தான். அவள் பின்னால் இருந்த அலமாரியில் போய் மோதினாள். கண்ணாடி விரிசல் விட்டது. வாசலில் நின்ற வயதான காவலாளி மாரியப்பன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து முறுக்கினார். "இன்னொரு தடவ கை நீண்டுச்சு, கைய ஒடிச்சு உன் கையிலயே குடுத்துருவேன்" என்றார். பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பழகிய பிள்ளை.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும். சில வலிப்பு மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம், படிப்பு ஏறாமல் போகலாம், எலும்பிலும் இதயத்திலும் குறை வரலாம். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். இது உண்மை. இதற்குச் செய்ய வேண்டியதும் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. வலிப்புள்ள பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லி, நல்ல மருத்துவரிடம் அனுப்பி, ஒத்துவரும் மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. ஆனால் இதற்கெல்லாம் பொறுமை வேண்டுமே. சட்டம் போடுவது சுலபம். கருநலச் சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள ஏழு மருந்துகளில் ஒன்று பல்லில் தெரிந்தால் சுமந்தவளுக்கு மூன்று வருடம் சிறை, பிள்ளை தகப்பனுக்கு. எத்தனை வருடத்துக்கு முந்தைய பிள்ளையானாலும் செல்லும். வலிப்பை மறைத்துக் கட்டிக்கொடுக்கும் ஊரில் எந்தப் பெண் போய் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்பாள்? அதை யாரும் யோசிக்கவில்லை.

"பல் எங்க கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு அடுப்படி ஓட்டு மேல. பல்லு விழுந்ததும் எங்கிட்ட தராம, இவன விட்டு ஓட்டுல எறிய வச்சிட்டா. காலையிலேர்ந்து நாப்பது ஓட்டப் பேத்து எடுத்தேன் மேடம்."

எங்கள் பக்கத்தில் விழுந்த பால்பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டின் மேல் எறிவார்கள். புதுப்பல் வரிசையாக முளைக்கும் என்று நம்பிக்கை. அவன் காகிதத்தைப் பிரித்தான். சின்ன முன்பல். சாணி ஒட்டியிருந்த தடம், பாசி. நான் அதை உறையில் போட்டு எண் எழுதினேன்.

"மனுவைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. ஒருத்தருக்கு வாழ்நாள்ல ஒரே மனு. ஒரு மனுவுக்கு ஒரே பல். போட்ட மனுவைத் திரும்ப வாங்க முடியாது. இந்தப் பல்லுக்குரிய பிள்ளையைச் சுமந்தது யாரோ, அவங்க மேல வழக்கு தானாப் பதிவாயிரும்."

"அதுக்குத்தான வந்திருக்கேன்."

படிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெகுநேரம் போட்டான். அவன் சுண்டுவிரல் நகம் அரிசிக் குருணை அளவுக்குத்தான் இருந்தது. பார்த்தேன், பார்த்ததோடு சரி. பேனாவெல்லாம் ரத்தம். பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சையும் வழக்கம்போல ஓர் உறையில் போட்டு வைத்தேன். எங்கள் வேலையில் எதையும் குப்பையில் போடமாட்டோம்.

அவன் மனைவி நிலானியைக் கண் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கழிவறைக்கு அழைத்துப்போனேன். விதிப்படி அது தப்பு. குழாயைத் திறந்துவிட்டு அவள் பேசினாள்.

"பதிமூணு வயசுலேர்ந்து வலிப்பு இருக்குக்கா. எங்கம்மா சொல்லாமத்தான் கட்டிக் குடுத்தா. கல்யாணத்துக்கு முந்தியே ஒரு டாக்டரம்மா புது மாத்திர மாத்திக் குடுத்தாங்க. பழசப் பிள்ள உண்டாகும்போது திங்கக் கூடாதுன்னு வெவரமாத்தான் சொன்னாங்க."

"அப்ப நல்லதுதானே?"

"எல்லாத்துக்கும் புதுசு நல்லாக் கேக்குமாம். எனக்குக் கேக்கல. மறுக்கா வந்து பாக்கச் சொன்னாங்க. இவங்க வீட்ட விட்டு வெளிய விட்டாத்தான? மொத வலிப்பு அடுப்படியில வந்துச்சு. அத்தைதான் பாத்தாங்க. ஒருச்சாச்சுப் படுக்க வச்சி, துணியத் தளத்திவிட்டு, வாயில ஒண்ணையும் திணிக்காம, கையில அந்தச் சாவிக்கொத்தக் குடுத்து நெத்தியத் தடவிக்கிட்டே இருந்தாங்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க, ஆசுபத்திரி நர்சு கெட்டா போ அப்படின்னு. நான் எந்திரிச்சு உக்காந்ததும் பளார்னு ஒண்ணு விட்டாங்க. தெருவுல நின்னு, வலிப்புக்காரிய எங்க தலையில கட்டிட்டாங்கன்னு கத்துனாங்க. அன்னையிலேர்ந்து இவரு பெல்ட்டக் கழட்ட ஆரம்பிச்சாரு."

"கர்ப்பமா இருக்கும்போதுமா?"

"வலிப்பு வந்தா அடி. அதுல கணக்கு என்ன இருக்கு. நாலாம் மாசம் படியிலேர்ந்து தள்ளிவிட்டாரு. அஞ்சாம் மாசம் ஒரு நா அரிசி டிரம்முக்குள்ள கைய விட்டா, ஒரு மாத்திர அட்ட கெடக்கு. வால்ப்ரோயேட். நான் கல்யாணத்துக்கு முந்தித் தின்ன அதே மாத்திர. யாரு வச்சான்னு தெரியல. முடிய முடியப் புது அட்ட வரும். எங்கப்பா யாரையாவது விட்டு வைக்கச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

அவள் ஒரு கையில் தண்ணீரைப் பிடித்து வீங்கிய கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"தின்னேன். தெரிஞ்சுதான் தின்னேன். பேறுகாலம் வரைக்கும் வலிப்பு வரல. அடி நின்னுச்சு. வலிப்பு வந்து விழுந்தாலும் பிள்ளைக்குக் கேடு, அவரு மிதிச்சாலும் கேடு, மாத்திரையும் கேடு. நீங்க படிச்சவங்க. இதுல எதத் திங்கணும்னு சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

பதினோரு வருடத்தில் என்னை யாரும் அப்படி நிறுத்திக் கேட்டதில்லை.

"நாளைக்கு மெஷினு எல்லாத்தையும் சொல்லிரும். என் பிள்ள இமயன எங்கிட்டருந்து புடுங்கி அந்தாள்ட்ட குடுத்துருவீங்க. பையன் மூணரை வயசுலதான் அம்மான்னே சொன்னான். இப்பமும் ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. அவன் சொல்லு தடுமாறுனா அதுக்கும் பெல்ட்டுதான்." வெளியே நின்ற பையனை உள்ளே இழுத்து அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் பார்த்தேன். ஒரு முறை பார்த்தது போதும். அந்த முதுகு என்னோடு வீட்டுக்கு வந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தது.

விதிப்படி பையனின் கன்னத்துக்குள் பஞ்சு தடவி ஒரு மாதிரி எடுத்துக்கொண்டேன். அவன் வாயைத் திறந்தபோது மேல்வரிசையில் ஒரு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பல்லை மெஷினில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அறிக்கையில் பொய் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினேன். திரையில் நாள்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாலாம் மாதம் முதல் நாள், மருந்து. இரண்டாம் நாள், மருந்து. பிறந்த நாளின் கோடு வரை ஒரு நாள் பாக்கியில்லை. பிறகுதான் பெயரைப் பார்த்தேன்.

வால்ப்ரோயேட் இல்லை. பீனோபார்பிட்டோன்.

அது பழைய மருந்து. கடைகளுக்கு வருவது நின்று இருபது வருடம் ஆகிவிட்டது. பையனுக்கோ ஆறு வயது. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு அந்தப் பல்லிலிருந்து மரபணுவை எடுத்துப் பையனின் மாதிரியோடு ஒப்பிட்டேன். பாதி பொருந்தியது. கையெழுத்துப் போட்ட பேனாவைத் துடைத்த பஞ்சோடு ஒப்பிட்டேன். முழுக்கப் பொருந்தியது. வயிற்றிலேயே இந்த மருந்து ஏறிய பிள்ளைக்கு விரல் நகம் சிறுத்துப்போவதுண்டு; அந்த அரிசிக் குருணை நகம் அப்போதுதான் என் கண்முன் வந்தது. முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே ஓட்டுக்கூரை. அதில் இந்தப் பையன் மட்டுமா பல் எறிந்திருப்பான்?

மூன்றாம் நாள் நால்வரையும் என் அறையில் உட்கார வைத்தேன். முடிவை எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். மாரியப்பன் கதவை ஒட்டி நின்றார். தர்ஷன் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தான்.

"வால்ப்ரோயேட்தான மேடம்?"

"இல்லை. பீனோபார்பிட்டோன். ஒரு நாள் விடாம இருக்கு."

"எதுவா இருந்தா என்ன. பட்டியல்ல இருக்கா?"

"இருக்கு."

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். நிலானி பையனை மடிக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். விஜயராணி மட்டும் மருந்தின் பெயரைக் கேட்டதும் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தார். அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன்.

"சிரிக்காதீங்க. இந்த மாத்திரை நின்னு இருபது வருஷம் ஆச்சு. உங்க மனைவி இதைக் கண்ணால பாத்திருக்கக்கூட மாட்டாங்க. இந்தப் பல் உங்க பையனோடது இல்லை. உங்களோடது. சின்னப் பிள்ளையில நீங்க எறிஞ்ச பல்."

அவன் என்னையே பார்த்தான். புரிய அவனுக்கு நேரம் ஆயிற்று. உதடுகள் அசைந்தன.

"மனுப்படி வழக்கு பதிவாயிருச்சு. உங்களைச் சுமந்தவங்க மேல. உங்க அம்மா மேல" என்றேன்.

"பொய்யி" என்றான். முதலில் மெதுவாகத்தான் சொன்னான். அடுத்த முறை சொல்லும்போது மேசை கவிழ்ந்தது. திரையைத் தூக்கி என் மேல் எறிந்தான். அது நெற்றியில் பட்டு, சூடாக ஏதோ கண்ணில் இறங்கியது. மாரியப்பன் பாய்ந்தார். அவரை நாற்காலியால் அடித்தான். கிழவர் சுருண்டு விழுந்தார். தர்ஷன் பேன்ட் பையிலிருந்து ஒரு குறடை எடுத்தான். அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாது.

"இவன் பல்ல வாசிட்டி! இது இவன் பல்லுதான? எனக்கு மனு இல்லன்னா என் தங்கச்சி பேருல போடுதேன்!"

பையனை அவள் மடியிலிருந்து பிடுங்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினான். தாடையைப் பிடித்து அமுக்கிக் குறடை வாய்க்குள் விட்டான். பையன் கத்தவில்லை, அவனால் முடியவில்லை. நிலானி கணவன் முதுகின் மேல் விழுந்து அவன் காதைக் கடித்தாள். அவன் உதறிய உதறலில் அவள் தலை சுவரில் போய் மோதியது. அப்படியே சரிந்தாள். கைகால் விறைத்தது, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் விஜயராணி எழுந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். இரும்பு, அரைக் கிலோ இருக்கும். மகனுடைய மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். அவன் விடவில்லை. இன்னொன்று. மூன்றாவது அடியில் எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறடு தரையில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. தோள், முகம், தலை என்று பார்க்காமல் அடித்தார். அவன் மேசைக்கடியில் போய்ச் சுருண்ட பிறகுதான் நிறுத்தினார். பையன் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. ஆனால் பல் அதன் இடத்தில்தான் இருந்தது.

விஜயராணி அடுத்த நொடியே மருமகள் பக்கத்தில் மண்டியிட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கழுத்துத் துணியைத் தளர்த்தினார். ரத்தம் சொட்டிய சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து மூடினார். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அந்தக் கை எங்கே பழகியது என்று அன்று எல்லாருக்கும் புரிந்தது.

"நீயா?" என்றான் மகன், மேசைக்கடியிலிருந்து. அழுதுகொண்டிருந்தான். "மந்தம் மந்தம்னு வாத்தியாரு என்னைய முட்டி போட வச்சாரே. எழுத வரலன்னு ஊரே சிரிச்சுதே. எல்லாம் நீ பண்ணுனதா?"

"ஆமா" என்றார் விஜயராணி. நிலானியின் நெற்றியைத் தடவுவதை நிறுத்தவில்லை. "திங்காட்டி நீயும் இல்ல, நானும் இல்ல."

"அப்ப என் கோவத்துக்கும் நீதான் காரணம். நான் இவள அடிச்சதுக்கும் நீதான் காரணம்."

எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் குனிந்தேன்.

"கேளுடா. உன் பல்லுல மருந்து இருந்துச்சு. எழுத்து வராததுக்கு அது காரணமா இருக்கலாம். அதுக்காக உன்னைப் பார்த்துச் சிரிச்சவன் ஒவ்வொருத்தனும் வெக்கப்படணும். ஆனா பெல்ட்டைக் கழட்டுறது பல்லுல இல்ல. அதை எந்த மாத்திரையும் குடுக்கல. நீயாக் கத்துக்கிட்டது அது."

இன்னொன்றும் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவன் பல்லில் மருந்தைத் தவிர நான்கு கறுத்த கோடுகளும் இருந்தன. சுமந்தவள் உடம்பு பலமாக அதிர்ந்த நாள்களில் விழும் கோடு. வலிப்பா, விழுந்ததா, அடியா என்று மெஷின் சொல்லாது. பட்டியலிலும் அதற்கு இடம் இல்லை. போலீஸ் வந்து விஜயராணியை ஜீப்பில் ஏற்றும்போது மட்டும் மெதுவாகக் கேட்டேன், நான்கு முறை என்ன நடந்தது என்று. "அவன் அய்யா" என்றார். தர்ஷனின் அப்பாவைத்தான் சொன்னார்.

தர்ஷனை எங்களைத் தாக்கியதற்காக உள்ளே போட்டார்கள். விஜயராணிக்கு மூன்று வருடம். நீதிபதி கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். நிலானி ஊரைவிட்டு வந்து கோவில்பட்டியில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல மருத்துவரையும் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. தர்ஷனின் தங்கை ரித்திகா மனுப் போட்டாள். அவள் ஓட்டுப் பக்கம் போகவே இல்லை. அங்கே அவளுடைய பல்லும் கிடக்குமே. ஆடிக்கொண்டிருந்த அந்த முன்பல்லைத்தான் மனுவில் குறிப்பிட்டிருந்தாள். விழுந்த மறுநாளே மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. வாசிக்கப்போவது நான். தகப்பனையும் தகப்பனின் தங்கையையும் தவிர மனுப் போட உரிமையுள்ளவர் வேறு யாரும் இல்லை. இந்த ஒரு பல் இல்லாமல் போனால் மனு செத்தது. ஆனால் பல்லை அழித்தவருக்கு இரண்டு வருடம் சிறை. நிலானி அழித்தால் பிள்ளை போகும். நான் அழிக்கலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். முடிவு செய்துவிட்டு, தைரியம் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்தது. அன்று மாமியாரைப் பார்க்கச் சிறைக்குப் போவதாக நிலானி முன்பே எழுதிப் போட்டிருந்தாள். நானும் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விஜயராணி உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவரைப் பார்க்க என்னவோ போல இருந்தது. சுவரோரம் ஒரு வார்டன். எங்களைச் சுற்றி இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் பேசிக்கொண்டிருந்தன.

பையன் வாயைத் திறந்து பொக்கையைக் காட்டினான். "பல்லு. போச்சு" என்றான்.

"எங்கல ராசா?"

நிலானி தடுப்பதற்குள் அவன் உள்ளங்கையை விரித்தான். அவனுக்கு அது ஓட்டில் எறிய வேண்டிய சாமான், அவ்வளவுதான். விஜயராணி பல்லைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "ரித்திகா மனு குடுத்திருக்காளாமே. இங்கயும் சேதி வந்துச்சு" என்றார்.

நிலானி தலையைக் குனிந்தாள். "அத்தை, நான் பழைய மாத்திர தின்னேன். அஞ்சாம் மாசத்துலேர்ந்து."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அரிசி டிரம்முல வேற யாருட்டி வைப்பா? ஒன் பொட்டியில பழைய சீட்டு இருந்துச்சு. அதக் காட்டித்தான் வாங்கிட்டு வந்தேன். விழுந்தா அவன் கொன்னே போடுவான்னு பயந்தேன். நல்லதா கெட்டதான்னு எனக்கு என்ன தெரியும். நான் தின்னு பொழச்சேன், நீயும் தின்னு பொழைக்கட்டும்னு வச்சேன்."

நிலானி கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் வாங்கிய அறையையும் வசவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத அழுகை. "தெருவுல நின்னு கத்துனீங்களே அத்தை" என்றாள் கடைசியில்.

"கத்தாட்டி, இவளுக்கும் உண்டோன்னு என்னையப் பாத்திருப்பாங்களே" என்றார் விஜயராணி. அவரும் அழுதார். "பையனுக்கு வெவரம் தெரியும்போது என்ன சொல்லுவ?"

"எல்லாத்தையும் நானே சொல்லுதேன். மறைக்க மாட்டேன்."

"அது போதும். ராசா, அத ஆச்சிட்ட குடு."

வலைக்குக் கீழே காகிதம் தள்ளுகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. பையன் பல்லை அதன் வழியே தள்ளினான். "ஆச்சி. ஓடு" என்றான், கையால் எறிந்து காட்டி.

"ஓட்டுல எறிஞ்சா எவனாவது ஏறி எடுத்துருவாம்ல" என்றார் விஜயராணி.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. நான் தடுக்கவில்லை. பல்லை நாக்கின் நடுவில் வைத்தார், வாயை மூடினார், தலையைச் சற்றே அண்ணாந்தார். தண்ணீர் கேட்கவில்லை. முப்பது வருடம் ஒருத்தர் கண்ணிலும் படாமல் விழுங்கிப் பழகிய தொண்டை அது.

வார்டன் ஓடிவந்தாள். "என்னத்த முழுங்குன? வாயத் திற! என்னத்த முழுங்குன?"

விஜயராணி வாயைத் திறந்து காட்டினார். ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து நின்றார்.

"வலிப்பு மாத்திர. எனக்கு வலிப்பு உண்டு" என்றார், அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.